ருசி பார்க்காத மீன் குழம்பு

சில வருடங்களுக்கு முன், ஒரு மார்ச் மாதப் பள்ளி விடுமுறையில் நடந்தது இது. ஈப்போ சிலிபினில் இருக்கும் நாங்கள், செமோரில் இருக்கும் என் அப்பா அம்மாவையும் ஏற்றிக்கொண்டு தெலுக் பாத்தேக் கடற்கரைக்குப் போனோம். தாத்தா பாட்டியோடு கடலில் ஆட வேண்டும் என்று என் இரண்டு மகள்களுக்கும் வெகுநாள் ஆசை. சனி ஞாயிறு என்றால் கூட்டம் நெரியும். அதனால் கெட்டிக்காரத்தனமாக வெள்ளிக்கிழமை லீவு போட்டேன்.

எதையும் திட்டம் போட்டுச் செய்கிறவள் என்று எனக்கு ஒரு நினைப்பு. பாய், குடை, மாற்றுத்துணி, அப்பாவின் இன்சுலின் ஊசி என்று எல்லாவற்றையும் எழுதிவைத்து எடுத்துக்கொண்டேன். விடியுமுன் எழுந்து ஒரு பெரிய சட்டி கோழி பிரியாணியும் செய்தேன். அப்பாவுக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி ஆயிற்றே என்று குடிக்க வெறும் பச்சைத் தண்ணீர்தான்.

அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அந்தத் தோட்டத்து மாதா கோயிலுக்குச் சாமியார் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் அப்பாதான் முன்னால் நின்று செபம் சொல்வார். இன்றும் அவர் ஏறினால் சிலுவை போட்ட பிறகுதான் கார் நகர வேண்டும். அன்றும் வழியெல்லாம் செபமாலை. மாலையின் கடைசிப் பத்து மணிகளுக்கு வருவதற்குள் பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள்.

கடற்கரையில் பாய் விரித்து உட்கார்ந்ததும் அப்பா ஊசி போட்டுக்கொண்டார். போட்டால் அரை மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை இறங்கி மயக்கம் வந்துவிடும். நான் பெருமையோடு சட்டியைத் திறந்தேன். சாப்பாட்டு செபத்துக்காக நெற்றிக்குப் போன அப்பாவின் கை அங்கேயே நின்றுவிட்டது.

"இன்னைக்கி வெள்ளிக்கிழம தானேம்மா?" என்றார்.

தவக்கால வெள்ளி. பெரியவர்கள் இறைச்சியைத் தொடாத சுத்தபோசன நாள். போன வாரம்தான் சிலுவைப்பாதைக்குப் போய் முழங்கால் வலிக்க நின்றுவிட்டு வந்திருந்தேன், இது மட்டும் என் பட்டியலில் ஏறவில்லை. பிஸ்கட்டெல்லாம் வழியிலேயே காலி. அம்மாவின் கைப்பையில் எப்போதும் நாலு மிட்டாய் கிடக்கும். அந்தத் தவக்காலத்துக்கு மிட்டாயை விட்டுவிடுவது என்று அம்மா முடிவெடுத்து, பையையும் காலி செய்திருந்தார். சாப்பாட்டுக் கடைகளும் அடைத்துக் கிடந்தன. அந்த வருடம் மலாய்க்காரர்களின் புவாசா நோன்பும் நம் தவக்காலமும் சேர்ந்து வந்திருந்தன.

நோயாளிக்கு விலக்கு உண்டு, சாப்பிடுங்கள் என்று கெஞ்சினேன். அம்மாவும் கெஞ்சினார். அப்பா கோபப்படவில்லை.

"விலக்கு இருக்குலா, எனக்குத் தெரியும். ஆனா இது என் சீக்கால வந்ததில்லையே, நம்ம மறதியால வந்தது. வேற எதாச்சும் கிடைக்குதான்னு பாரு."

சொல்லும்போதே அவர் நெற்றி வியர்த்தது. விரல்கள் நடுங்கின. நான் அப்பாவையும் என்னையும் மாறி மாறித் திட்டிக்கொண்டு, நடுவில் மாதாவையும் கூப்பிட்டுக்கொண்டு, சுடுமணலில் ஓடினேன்.

கடைசிக் கடையின் பின்பக்கம் ஒரு மலாய்க்கார அக்கா சமைத்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் நோன்பு திறக்க வருகிறவர்களுக்கு விற்கும் சாப்பாடு. மூச்சிரைக்க மலாயில் விஷயத்தைச் சொன்னேன். அவர் உடனே விற்கக் கலக்கி வைத்திருந்த இனிப்புச் சிரப் தண்ணீரை ஒரு பெரிய கிளாசில் மொண்டுகொண்டு எனக்கு முன்னால் ஓடினார்.

அப்பா குடித்தார். பத்து நிமிடத்தில் நடுக்கம் அடங்கியது. அதற்குள் அந்த அக்கா திரும்பிப் போய்ச் சுடச்சுடச் சோறும் மீன் குழம்பும் கொண்டுவந்துவிட்டார். பக்கத்தில் சட்டி நிறைய பிரியாணி இருப்பதைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். எங்களுக்கும் நோன்பு மாதிரிதான், வெள்ளிக்கிழமை இறைச்சி இல்லை என்று அப்பா மலாயில் சொன்னார். அவர் தலையை ஆட்டினார். அதற்கு மேல் அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. நோன்போடு சமைத்ததால் ருசி பார்க்கவில்லை, உப்பு எப்படியோ தெரியாது என்று மட்டும் கூச்சத்தோடு சொன்னார்.

ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு அப்பா சிரித்தார். உப்பு கொஞ்சம் தூக்கல் என்று உள்ளதைச் சொன்னார். எனக்கு உயிரே போய்விட்டது. சோறு போட்டவரிடம் இப்படியா சொல்வார்கள்? அந்த அக்காவுக்கோ ஒரே சந்தோஷம். புவாசா மாதத்தில் ருசி சொல்ல ஆளே கிடைப்பதில்லையாம். போய்ப் புளித்தண்ணீர் விட்டுவிட்டு இன்னொரு கரண்டி கொண்டுவந்தார். கீரையையும் கொண்டுவந்தார். அப்பா ஒவ்வொன்றுக்கும் தீர்ப்புச் சொன்னார். அந்த அக்காவின் கோழிக்கறிச் சட்டிக்கு மட்டும் வயது வந்த எங்கள் யாராலும் உதவ முடியவில்லை. சுத்தபோசன வயது வராத என் சின்ன மகள் அந்தப் பொறுப்பை ஏற்று, மூன்று துண்டு சாப்பிட்ட பிறகே சரியாக இருக்கிறது என்றாள்.

காசு கொடுத்தேன், வாங்கவில்லை. ருசி பார்த்ததற்கு ஈடாகிவிட்டது என்றார். சின்னவள் சாப்பிட்டது போக மீந்த பிரியாணியும் எங்களோடு ஈப்போவுக்கே திரும்பியது. அன்று அப்பா பிடித்த பிடிவாதம் சரி என்று நான் இன்றும் சொல்ல மாட்டேன். அதைச் சொல்லிக் காட்டினால் அம்மா கைப்பையைத் திறந்து மிட்டாயைக் காட்டுவார். எந்தத் தவக்காலத்துக்கும் அது இனி காலியாகாது.

இப்போதெல்லாம் தவக்கால வெள்ளியில் மீன் குழம்பு வைத்தால் நான் ருசி பார்ப்பதில்லை. உப்பு கூடியோ குறைந்தோ போய் வீட்டில் திட்டு வாங்குகிறேன். தன் பசியை ஓரமாக வைத்துவிட்டு ஒருத்தி என் அப்பாவுக்குச் சோறு போட்டாள் என்பதை மறக்காமலிருக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.