பாலத்துக்கு அந்தப் பக்கம்

நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இது கட்டிவிட்ட கதை இல்லை. பிண வண்டி ஓட்டியவர் இருக்கிறார். அக்காக்காரியும் இருக்கிறாள். இருட்டில் கூட இல்லை, பட்டப்பகலில் நடந்தது.

முந்தின ராத்திரி தங்கை செத்துப்போனாள். முப்பத்தொரு வயது. “தூக்கத்துலயே போயிட்டா. ஹார்ட்டு” என்றான் புருஷன். அவனுக்கு வேண்டிய டாக்டர் ஒருவர் கையெழுத்தும் போட்டுவிட்டார். ஆனால் முகத்தைத் துடைக்கப் போன அக்கா, கழுத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு இரண்டு கன்றிய தடங்களைப் பார்த்தாள்.

போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினாள். உடலை அறுத்துப் பார்க்கச் சொல்லி மன்றாடினாள்.

“டாக்டர் இயற்கை மரணம்னு குடுத்துட்டாரு. இந்த மாநிலச் சட்டப்படி இனிமே போஸ்ட்மார்ட்டம் கேட்கிற உரிமை புருஷனுக்குத்தாம்மா.”

“கொன்னவனே வந்து கேட்பானா சார்?”

“பார்த்துப் பேசும்மா!”

அக்கா வெளியே வந்தாள். பாலத்துக்கு அந்தப் பக்கம் வேறு மாநிலம். அங்கே நாற்பது வயதுக்குள் யார் திடீரென்று செத்தாலும் அறுத்துப் பார்த்தே ஆகவேண்டும். உடல் எங்கே கிடக்கிறதோ அந்த இடத்துச் சட்டம்தான் செல்லும் என்பது ஊரறிந்த சங்கதி. இந்தக் கரையில் செத்தது இவள் செய்த குற்றமா? என்ன கண்றாவிச் சட்டம் இது!

நாலு மணிக்குத் தகனம். அப்புறம் சாம்பல்தான். சாம்பலில் என்ன தடத்தைத் தேடுவது?

புருஷன் காரில் முன்னால் போனான். அக்கா பிண வண்டியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பின்னால், கண்ணாடி மூடிய ஐஸ் பெட்டிக்குள் தங்கை. ஸ்டியரிங்கில் சிவப்பு ரெக்ஸின் உறை பளபளத்தது.

“இன்னைக்குக் காலைலதான் மாட்டினேம்மா” என்றார் டிரைவர், சும்மா பேச்சுக்கு.

அக்கா அந்த உறையையே பார்த்தாள். கார் ஓட்டக் கற்றுக்கொள்ளத் தங்கை எவ்வளவு கெஞ்சினாள்! “பொம்பளைக்கு எதுக்கு ஸ்டியரிங்?” என்று சாவியைப் பிடுங்கிக்கொண்ட பாவி, இதோ முன்னால் போகிறான்.

நாற்சந்தி வந்தது. இடது பக்கம் சுடுகாடு. வலது பக்கம் பாலம்.

டிக்... டிக்... டிக்...

வலது பக்க இண்டிகேட்டர்.

“இடதுதானே போகணும்?”

“நான் போடலம்மா.”

அணைத்தார். மறுபடி விழுந்தது.

டிக்... டிக்...

திடீரென்று குளிர். ஏசி இல்லாத வண்டி அது. அக்கா திரும்பிப் பார்த்தாள். பெட்டிக் கண்ணாடியில், உள்பக்கம், முகத்துக்கு நேராக ஆவி படிந்திருந்தது. படிந்தது... மறைந்தது... மறுபடி படிந்தது.

ஸ்டியரிங் வலது பக்கம் சுற்றியது. டிரைவர் இழுத்தார். மசியவில்லை.

“பிரேக்கப் போடுங்க!”

“பிடிக்கலம்மா!”

கிர்ர்... கிர்ர்...

ரெக்ஸினை யாரோ பிறாண்டும் சத்தம்.

டிரைவர் கைகளை எடுத்துவிட்டார்.

வண்டி போய்க்கொண்டே இருந்தது...

பாலம்.

எல்லைப் பலகை.

நின்றது.

அந்தக் கரைப் போலீஸ் வந்தது. பின்னாலேயே காரைத் திருப்பிக்கொண்டு புருஷன் வந்து குதித்தான்.

“என் பொண்டாட்டி! கையெழுத்தெல்லாம் வாங்கியாச்சு!”

“அதெல்லாம் அந்தப் பக்கம். இங்க அறுத்துப் பார்த்துட்டுத்தான் குடுப்போம்.”

அவன் இரண்டடி பின்வாங்கினான்.

“இப்போ வாங்குடா கையெழுத்து!” என்றாள் அக்கா.

கழுத்துக்குள் எலும்பு முறிந்திருந்தது. தங்கையின் நகங்களுக்குள் அவன் தோல் இருந்தது. இன்று அவன் கம்பி எண்ணுகிறான்.

ஆனால், அறுத்துப் பார்த்த டாக்டரம்மா அக்காவைத் தனியாகக் கூப்பிட்டார்.

“ஒண்ணு மட்டும் புரியல. நகத்துக்குள்ள, அந்தத் தோலுக்கும் மேல, சிவப்பு ரெக்ஸின் துணுக்கு இருந்துச்சு. கடைசியா உங்க தங்கச்சி ஏதாவது வண்டி ஓட்டினாங்களா?”

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“உயிரோட இருந்தவரைக்கும் அவன் ஓட்ட விடல டாக்டர்.”