நாலு விரல் ரப்பர்

என் வீட்டுக்காரர் நல்லவர்தான். ஆனால் டாக்டர் "உங்களுக்கு ஒண்ணுமில்ல" என்று சொன்னால், வெளியே வந்ததும் "என்னத்தையோ மறைக்கிறான்டி" என்று என் காதைக் கடிக்கிறவர். முட்டை வாங்கினால் ஒவ்வொன்றையும் வெயிலில் தூக்கிப் பார்ப்பார். நான் சிரித்தால் எதுக்குச் சிரிக்கிறே என்பார், சிரிக்காவிட்டால் என்ன ஆச்சு என்பார். இந்த மனிதரோடுதான் இருபத்தாறு வருஷமாக நர்சரி நடத்துகிறேன். செடி வளர்ப்பது நான், பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு போய் இறக்குவது அவர்.

மழைக்காலத்தில் ஒரு நாள், பிக்கப்புக்குப் பின்னால் பைக்கில் வந்த ஆள் தலையிலிருந்து கால்வரை சேற்றோடு சண்டைக்கு வந்துவிட்டார். பின்சக்கரங்களுக்குப் பின்னால் ரப்பர் மட்ஃபிளாப் தொங்கவிட்டால் சேறு தெறிக்காது. டயர் கடை வைத்திருப்பவன் என் தம்பி. உடன்பிறப்பு என்று எனக்கு அவன் ஒருவன்தான். அங்கேயே போனோம்.

தம்பி மூன்று வகை எடுத்துப் போட்டான். இவர் பிளாஸ்டிக்கை வளைத்துப் பார்த்தார், மெல்லிய ரப்பரை மோந்து பார்த்தார், தடித்த ரப்பரை நகத்தால் கீறிப் பார்த்தார். அரை மணி நேரம் கழித்து, தடித்ததுதான் சரி என்று பெரிய மனசு பண்ணி ஒத்துக்கொண்டார். தம்பி கத்தியை எடுத்தான்.

"அடியில நாலு விரல் வெட்டிடலாம் மாமா. லோடு ஏத்தினா வண்டி இறங்கும். இவ்வளவு நீளம் இருந்தா எங்கயாவது சிக்கிக்கும்."

"வெட்டின துண்டு யாருக்கு?"

தம்பி சிரித்தான். "அதை வச்சு நான் என்ன மாமா பண்ணப் போறேன்?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன். வெட்டாதே, முழுசா மாட்டு."

தகடு வைத்து, போல்ட் முறுக்கி, முழுசாகவே மாட்டிக் கொடுத்தான். இவர் குனிந்து ஒவ்வொரு போல்ட்டையும் அசைத்துப் பார்த்த பிறகுதான் கிளம்பினோம்.

இரண்டே வாரம். ஒரு நாள் காலையில் பார்த்தால் இடது பக்கத்து மட்ஃபிளாப்பைக் காணோம். தகட்டில் கிழிந்த ரப்பர் துணுக்கு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"உன் தம்பி வேலைதான்," என்றார்.

"அடப்பாவமே! கழட்டத் தெரிஞ்சவன் எதுக்குப் பிய்ச்சு எடுக்கணும்?"

"கழட்டத் தெரிஞ்சவன் மேல சந்தேகம் வரக்கூடாதுன்னுதான் பிய்ச்சிருக்கான்."

தலையில் அடித்துக்கொண்டேன். மனிதர் அதோடு விட்டாரா? நேரே கடைக்குப் போனார். அங்கே சுவரில் ஒற்றை மட்ஃபிளாப் தொங்கியிருக்கிறது. நாலு வாடிக்கையாளர் முன்னால் வைத்தே, "இதோட ஜோடி எங்கே? என் வண்டியில மாட்டியிருந்ததுதானே இது?" என்று கேட்டுவிட்டார். தம்பி கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டானாம்.

அன்றோடு அவன் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. என் போனையும் எடுக்கவில்லை. ஒரு மாதம் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

போன வாரம் தொட்டிகளில் போட எரு அள்ளிக்கொண்டிருந்தேன். குவியலின் அடியில் மண்வெட்டி எதிலோ மாட்டியது. இழுத்தால், கறுத்த எருவுக்குள் கறுத்த ரப்பர், போல்ட் துளைகள் கிழிந்தபடி. எரு ஏற்ற அவர் வண்டியைப் பின்னால் எடுக்கும்போதெல்லாம் பக்கத்தில் நின்று கத்துகிறவள் நான்தான். மற்ற நேரமெல்லாம் வாங்க, போங்க. அப்போது மட்டும் "வா வா வா, இன்னும் வா!"

ஓடிப்போய் அவரிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உன் தம்பி இங்க வந்து புதைச்சிட்டுப் போயிருக்கான்."

வந்ததே எனக்குக் கோபம்! "ஏறுங்க வண்டியில," என்றேன். என் குரலைக் கேட்டு மறுபேச்சில்லாமல் ஏறினார். "வா வா வா!" வண்டி பின்னால் வந்து குவியலைத் தொட்டது. வலது பக்கம் மிச்சமிருந்த மட்ஃபிளாப் எருவில் மடங்கிச் சக்கரத்துக்கு அடியில் போனது. "இன்னும் வா!" டப்பென்று பிய்ந்தது. மேலேயிருந்து எரு சரிந்து அதை மூடிவிட்டது.

இறங்கி வந்து பார்த்தார். "நீ வேணும்னே..." என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அன்றைக்கே கடைக்குப் போனேன். "பிச்சது நாங்கதான்டா தம்பி. நீளமா விடச் சொன்னது அவரு, வா வான்னு கத்தினது நான்," என்று சொல்லி அழுதுவிட்டேன். அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

மறுநாள் காலை புது ஜோடியோடு வந்தான். அவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அளந்தான், இரண்டிலும் நாலு விரல் வெட்டினான், மாட்டினான். பிறகு நேரே அவரிடம் போய், வெட்டிய துண்டுகளைக் கையில் வைத்தான்.

"எண்ணிக்குங்க மாமா. ரெண்டும் இருக்கு."

அவர் "மச்சான்..." என்றார். கண் கலங்கிவிட்டது.

தம்பி என் பக்கம் திரும்பினான். "டீ இருக்காக்கா?"

அடுப்படிக்கு ஓடினேன். டீயோடு திரும்பி வந்தபோதும், அவர் அந்த இரண்டு துண்டுகளையும் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றிருந்தார்.