ரங்கூன்காரனோ?

போன வாரம் எங்கள் டூர் கம்பெனி மேனேஜர் கோ அவுங் கூப்பிட்டார். "ஸ்பெயின்லேர்ந்து குரூப் வருது. ஸ்பானிஷ் கைடுக்குக் காய்ச்சல். நீங்கதான் போறீங்க."

அவர் சொன்னது பர்மிய மொழியில். நான் 'ஐயோ' என்றது என்னவோ தமிழில்தான்.

ஏன் நான்? என்றோ டீக்கடையில் அவரிடம் ஸ்பானிஷில் 'ஓலா' என்று வணக்கம் சொல்லிக் காட்டியிருந்தேன். அதையே தகுதியாக எடுத்துக்கொண்டுவிட்டார். "அவங்க முகம் சுளிச்சா, இந்த சீசன்ல உங்களுக்கு வேற குரூப் கிடையாது" என்ற ஆசீர்வாதம் வேறு. மழைக்காலத்தில் கைடுகளுக்கு வேலையே இல்லை. சீசன் போனால்... வருஷமே போனது.

மொழி வராதவன் என்ன செய்வான்? ஆளாளுக்கு ஊரைக் கேட்டு, அந்த ஊர்க்காரர் என்று அவர்கள் மொழியிலேயே அழைத்துக் குளிர வைக்கலாமே என்று தோன்றியது. நமக்கு எந்த ஊரானாலும் ஒரு 'காரர்' போதும். அவர்களுக்கோ மாத்ரித் என்றால் மத்ரிலேன்யோ, செவில்யா என்றால் செவில்யானோ. பெண் என்றால் கடைசியில் 'ஆ'. குளிக்கும்போதுகூட இதே ஜபம்.

"செவில்யானோ, மத்ரிலேன்யோன்னு எல்லாத்துக்கும் ஒரு 'ஓ'வா..." என்றாள் மனைவி. "அந்த ஊர்க்காரர்தானா இல்லையான்னு உங்களுக்கே சந்தேகமாங்க?"

குரூப் வந்த அன்று, பஸ்ஸில் முதல் சில பேரைத் தாண்டிவிட்டேன். அடுத்து ஒரு அம்மா. ஊர் வெல்வா என்றார். நான் படிக்காத ஊர். துணிந்து, "வெல்வானா" என்றேன்.

பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சீசன் கண்ணெதிரே இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

அந்த அம்மா சிரித்துவிட்டார். ஆங்கிலத்தில் விளக்கினார்: "நாங்க ஒனுபென்சே. ஊருக்குப் பழைய பேரு ஒனுபா. ஊர் பேரு மாறிடுச்சு... நாங்க மாறலை."

போன உயிர் திரும்பியது. "எங்க கதையும் அதாங்க. ரங்கூன் யாங்கோன் ஆயிடுச்சு. எங்க தமிழ் ஆளுங்களைக் கேட்டா, இன்னும் ரங்கூன்காரங்கதான்."

"அப்ப நீங்க?"

"ரங்கூன்காரன்."

கடைசியில் ஏதோ குறைவதாக அவருக்குப் பட்டிருக்க வேண்டும். "ரங்கூன்காரனோ" என்று நீட்டினார். பஸ் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது. ஊர் சுற்றி முடிக்கும்வரை அதுதான் என் பெயர்.

கோ அவுங் அடுத்த குரூப்பையும் எனக்கே கொடுத்துவிட்டார். நிம்மதிதான். ஆனால் அந்த 'ஓ'... அவர்களுக்கு அது வெறும் விகுதி. தலைமுறை தலைமுறையாக இங்கேயே பிறந்து, போகிற இடமெல்லாம் இந்த ஊர்க்காரன்தான் என்று நிரூபித்துக்கொண்டிருக்கிறவன் காதில் அது எப்படி விழும்?

வீட்டில் சொன்னேன்.

"அவங்களுக்குமா சந்தேகம்?" என்றாள்.