அம்மாவின் எலும்பைப் பார்க்கக் கோவைக்குப் போனது

அம்மாவை எலும்புப் பரிசோதனைக்குக் கோயம்புத்தூர் கூட்டிப்போக வேண்டும், எப்படிப் போவது என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். நான் போனது 1996 ஆடியில். கட்டணமெல்லாம் மாறியிருக்கும். நான் பட்ட அவமானம் மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது.

பல்லடத்துக்கு வெளியே எங்களுக்குக் கோழிப்பண்ணை. அம்மாவுக்கு இடுப்பும் தொடையும் ஓயாமல் வலித்து, நடையே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. மருந்தில் சரியாகிற வியாதியா, படுக்கையில் தள்ளிவிடுகிற வியாதியா என்று தெரியவேண்டும். கோவை டாக்டரம்மா டெட்ராசைக்ளின் மாத்திரை கொடுத்தார். மூன்று நாள் சாப்பிட்டு, இடைவெளி விட்டு, மறுபடி மூன்று நாள். எலும்பு வளருகிற இடத்தில் அந்த மருந்து படியுமாம். பிறகு இடுப்பெலும்பில் ஒரு துணுக்கு எடுத்து, மெல்லிசாகச் சீவி, ஊதா வெளிச்சம் பாய்ச்சும் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். துணுக்கு எடுத்துச் சில வாரம் ஆயிற்று.

முடிவு கேட்கக் காலை ஏழு மணிக்குப் பஸ் ஏறினோம். கோவைக்குள் நுழைந்ததும் வரும் சிங்காநல்லூர் முப்பது கிலோமீட்டர் சொச்சம், ஒரு மணி நேரம், ஆளுக்கு ஆறு ரூபாய். ஆடிக்காற்றில் ஜன்னல் வழியே புழுதி கொட்டியது.

"ஏனுங்க, அம்மாவ முன்னால ஒக்கார வைங்க. பின்னால தூக்கித் தூக்கிப் போடுமுங்க" என்றார் கண்டக்டர். எனக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றியது. சிங்காநல்லூரிலிருந்து ஆட்டோவுக்கு இருபது ரூபாய்.

டாக்டரம்மா எங்களை இருட்டறைக்கே கூட்டிப்போனார். முதலில் நோயில்லாத ஒருவரின் எலும்பைக் காட்டினார். கறுப்பில் இரண்டு மஞ்சள் கோடுகள், ரூல் நோட்டில் போட்டதுபோல் சுத்தமாக. ஒவ்வொரு தடவை மாத்திரை சாப்பிட்டதற்கும் ஒரு கோடு. அடுத்தது அம்மாவுடையது. ஓரத்தில் மஞ்சள் கோடாக இல்லாமல் ஈஷிவிட்ட மாதிரி பரவிக் கிடந்தது. அதற்கும் உள்ளே தள்ளி இன்னும் ஐந்தாறு கோடுகள்.

"ரெண்டு தடவைதானுங்களே மாத்திரை குடுத்தோம்? இதெல்லாம் எப்படிங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"நானே கையில எடுத்துக் குடுத்தேனுங்க. வேற யாரோட எலும்பையோ மாத்தி வெச்சிருப்பீங்க" என்று எகிறினேன்.

அம்மா மெதுவாகச் சொன்னார். "அவங்கள வையாத கண்ணு. அது கோழி மருந்து."

கோழிகளுக்குச் சளி வந்தால் தண்ணீரில் கலக்கும் மஞ்சள் நிற மருந்துத் தூள். அதுவும் டெட்ராசைக்ளின்தான். காய்ச்சல் வரும்போதெல்லாம் அம்மா அதில் ஒரு சிட்டிகை கரைத்துக் குடித்திருக்கிறார்.

"ஏனுங்கம்மா, டாக்டர்கிட்ட போயிருக்கலாமில்லீங்க?" என்றார் டாக்டரம்மா.

"கோழிக்கு நல்லாயிருதுங்களே. நானும் குடிச்சுப்போட்டு வேலையப் பாப்பேனுங்க. இவனுக்கு ஆயிரம் சோலி."

ஒரு கோழி இறக்கையைத் தொங்கப்போட்டால் மொபெட்டை எடுத்துக்கொண்டு கால்நடை டாக்டர் வீட்டு வாசலில் நிற்கிறவன் நான். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அறை இருட்டாக இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

டாக்டரம்மா எல்லாவற்றுக்கும் உள்ளே இருந்த கோட்டைக் காட்டி, "இது நாலஞ்சு வருசத்துக்கு முந்தினதா இருக்கும்" என்றார்.

"இவன் கல்யாணத்தப்பங்க. காச்சல்ல நிக்கவே முடியலீங்க, அதக் குடிச்சுப்போட்டுப் பந்தலுக்குப் பின்னால படுத்துட்டனுங்க."

பெண் பிடிக்காமல் முறுக்கிக்கொண்டு படுத்துவிட்டார் என்றுதான் அன்றைக்கு நான் நினைத்தேன். ஒரு வாரம் அம்மாவிடம் பேசவில்லை.

வந்திருந்தது எலும்பு இளகிப்போகும் நோய். விடிந்ததிலிருந்து இருட்டும்வரை ஷெட்டுக்குள்ளேயே நின்று வெயில் படாமல் வந்தது. மருந்தும் வெயிலும் போதும், நடந்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. அம்மா கும்பிட்டார். டாக்டரம்மாவிடம் எகிறியதற்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை. திரும்பும்போது சூலூர் தாண்டியதும் அம்மா என் தோளில் சாய்ந்து தூங்கினார். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

போகிறவர்களுக்கு: காலை ஏழு மணிக்குள் பஸ் ஏறுங்கள், கூட்டம் குறைவு. முன் இருக்கை பிடியுங்கள். பழைய மருந்து, நாட்டு மருந்து, மாட்டு மருந்து எது சாப்பிட்டிருந்தாலும் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். ஆனால் டாக்டர் கேட்கும்போது நீங்கள் வெளியே போய் நின்றுகொள்ளுங்கள். முதல் தடவை போனபோது, இதற்குமுன் காய்ச்சல், சளி ஏதாவது வந்ததா என்று டாக்டரம்மா கேட்டார். பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே வந்ததில்லீங்க" என்றார்.