பச்சைக் குழாய் பெட்ரோல்

கோலா சாவா தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டும் குணாளனுக்குப் பெண்டாட்டி, பிள்ளை என்று யாரும் இல்லை. இளவட்டமாக இருந்தபோது வாங்கிய டர்போ கார் ஒன்றுதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அது சீறிக்கொண்டு போனால் கோயில் வாசலில் நிற்பவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள்.

அந்த இன்ஜினுக்குப் பச்சைக் குழாயில் வரும் உயர்ரக 97 பெட்ரோல்தான் ஒத்துவரும் என்று, என் பட்டறைக்கு வரும்போதெல்லாம் படித்துப் படித்துச் சொன்னேன். மனிதர் கேட்கவில்லை. விலை குறைவு என்று மஞ்சள் குழாயில் வரும் சாதாரண 95தான் போட்டார். மேடு ஏறும்போது இன்ஜின் உள்ளே டக் டக்கென்று தட்டும். ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொள்வார்.

போன வருடம் ரந்தாவ் சாலையில் பிஸ்டன் உடைந்து வண்டி நின்றது. அதே மாதிரி டர்போ இன்ஜின் எங்கேயும் கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு சாதாரண இன்ஜினைத்தான் பொருத்திக் கொடுத்தேன். அதற்கு 95 தாராளம். மேட்டில் மூச்சு வாங்கும், அவ்வளவுதான்.

நேற்று பெட்ரோல் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். பச்சைக் குழாயைப் பிடித்து 97 நிரப்பிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"கண்ணு கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமாண்ணே? இந்த இன்ஜினுக்கு 97 ஊத்துறது வேஸ்ட்டுலா! பழைய இன்ஜின் திரும்பி வந்துருமா?"

"வராது தம்பி. தெரியும்."

குழாயை அவர் எடுக்கவில்லை.

"அது தட்டித் தட்டிக் கேட்டப்ப, நான் ரேடியோவத்தானே கூட்டி வச்சேன்."