வலிக்காத டயர்

வஹாபுக்கு எதையும் பார்த்துப் பொறுக்கி வாங்கத் தெரியாது. சொந்தக்காரர்கள் கேலி செய்யும் அளவுக்கு அது ஊரறிந்த விஷயம். தக்காளி வாங்கப் போனால் கடைக்காரன் அள்ளிப் போடுவதை அப்படியே வாங்கி வருவார். சட்டை வாங்கப் போனால் முதலில் விரித்துக் காட்டியதே நல்ல சட்டை. கீழக்கரையில் படிப்பு முடிந்த கையோடு, பூனாவில் தையல் சாமான் கடை வைத்திருந்த அக்காள் கணவர் கூப்பிட்டார் என்று வந்து உட்கார்ந்தவர். பட்டன், ஜிப், லைனிங் துணி விற்கிற அந்தக் கடை பிற்பாடு அவர் கைக்கே வந்த பிறகும், மொத்த வியாபாரி அனுப்பிய நிறத்தைத்தான் விற்றார்.

பொறுக்குகிற வேலையெல்லாம் அவர் மனைவி ஜன்னத்துல் பிர்தௌஸுடையது. லட்சுமி ரோட்டில் புடவைக் கடைக்குப் போனால், அடுக்கில் இருப்பதெல்லாம் கீழே வந்தால்தான் அவளுக்குத் திருப்தி. கோர்படியில் வீடு பார்த்தபோது ஒவ்வொரு குழாயையும் திறந்துவிட்டுப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டித் தண்ணீர் வருகிற நேரம் கேட்டாள். அந்தச் சின்ன ஹைபிரிட் காரும் அவள் எடுத்ததுதான். ஷோரூமில் பொத்தானை அழுத்தியதும் எஞ்சின் சத்தமே இல்லாமல் பேட்டரியில் நகர்ந்தது வண்டி. "இதுதான் மச்சான். வண்டிக்குள்ள பேசுனா பேச்சு கேக்கணும்" என்றாள். வஹாப் தலையாட்டினார். தலையாட்டுவதில் அவருக்கு ஒரு நிம்மதி இருந்தது. வீட்டில் ஓர் ஆள் பார்த்துக்கொள்கிறாள் என்ற நிம்மதி.

அவளுக்கு மார்பில் வந்த கட்டியை எடுத்து, குணமாகிவிட்டது என்று எல்லோரும் நம்பி, சில வருஷங்கள் நல்லபடியாகவே போயின. போன குளிர்காலத்தில் இடுப்பில் வலி என்றாள். தண்டுவடத்திலும் இடுப்பெலும்பிலும் மறுபடி வந்துவிட்டது. டாக்டர் வஹாபைத் தனியே உட்கார வைத்துப் பேசினார். கரண்ட் வைத்தால், அதாவது கதிர்வீச்சு கொடுத்தால், வலி குறையும், அவ்வளவுதான் என்றார். அதற்கு மேல் சொல்ல வேண்டியதை மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். வஹாப் அதற்கும் தலையாட்டிவிட்டு வந்தார்.

கரண்ட் வைப்பதைவிட அதற்கு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதுதான் அவளுக்குப் பெரிய கொடுமையாக இருந்தது. கோர்படியிலிருந்து போக ரயில்வே கேட்டைத் தாண்ட வேண்டும். தண்டவாளங்கள் சாலையைவிட ஒரு விரற்கடை எழும்பி நிற்கும். முன் டயர் ஏறி இறங்கும், பின் டயர் ஏறி இறங்கும். அடுத்த தண்டவாளத்தில் மறுபடியும். ஜன்னத் பின் சீட்டில் தலையணை வைத்து ஒருக்களித்துப் படுத்திருப்பாள். "கேட் வந்துட்டா, கேட் வந்துட்டா" என்று கேட்டுக்கொண்டே வந்து, கேட் நெருங்கும்போதே மூச்சைப் பிடித்துக்கொள்வாள். கத்த மாட்டாள். பல்லுக்கிடையில் ஒரு சின்னச் சத்தம் வரும். எஞ்சின் சத்தமில்லாத வண்டியில் அது மட்டும் தனியாகக் கேட்கும்.

"ஆம்புலன்ஸ் சொல்லட்டுமா?" என்று கேட்டுப் பார்த்தார்.

"வேணாம். ரோட்ல போறவுக எல்லாம் திரும்பிப் பாப்பாக. நம்ம கார்லயே வாறேன் மச்சான்."

மே மாதக் கடைசியில் வண்டியை சர்வீசுக்கு விட்டபோது, நான்கு டயரும் தேய்ந்துவிட்டன, மழைக்கு முன்னால் மாற்றியாக வேண்டும் என்றார்கள். வழக்கமாக என்றால் "போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு வந்திருப்பார். அன்றைக்கு அந்த வார்த்தை வாய்வரை வந்து நின்றுவிட்டது. டயர் மாற்றினால் கேட்டில் அவளுக்கு வலி குறையுமா என்று ஒரு நினைப்பு ஓடியது. இதை அவளிடமே கேட்டு முடிவு செய்ய முடியாது; கேட்டால் எனக்கொன்றும் வலிக்கவில்லை என்பாள். வாழ்க்கையில் முதல்முறையாக அவரே பொறுக்க வேண்டும்.

ஃபாத்திமா நகர் பக்கம் ஜக்தாப் என்பவரின் டயர் கடை. வஹாப் போய் நின்று, இருப்பதில் எது குலுக்காது என்று ஹிந்தியில் கேட்டார். ஜக்தாப் சிரித்தார். "டயர் என்ன சாச்சா செய்யும், ரோடு அப்படி!" என்றவர், பிறகு மூன்று தினுசை உருட்டிக்கொண்டு வந்தார். ஒன்று, வண்டியோடு வந்த அதே டயர். கடினமானது, லேசாக உருளும், ஹைபிரிட்டுக்கு ஆவரேஜ், அதாவது மைலேஜ், நன்றாகக் கொடுக்கும். இரண்டாவது மழையில் வழுக்காதது, நெடுநாள் உழைக்கும். மூன்றாவது மெத்தென்றது. சத்தமும் அதிர்வும் குறைவு, ஆனால் ஆவரேஜ் அடிபடும், சீக்கிரம் தேய்ந்தும் போகும்.

"ஹைபிரிட் வாங்கிட்டு யாராவது இதைப் போடுவாங்களா?" என்றார் ஜக்தாப்.

வஹாப் மூன்றையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். ரப்பர் ரப்பராகத்தான் இருந்தது. அழுத்திப் பார்த்து என்ன தெரியும்? ஜன்னத் துணியை இரண்டு விரலில் பிடித்துத் தேய்த்துப் பார்த்ததும் ஏதோ தெரிந்துகொள்வாளே, அது என்னவென்று இத்தனை வருஷமாக ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அந்த நேரம் பார்த்து அவளிடமிருந்தே போன் வந்தது. "வந்துடறேன் புள்ள, கொஞ்சம் வேலையா இருக்கேன்" என்று தமிழில் பேசி வைத்தார்.

"தமிழா பாய்? எந்த ஊரு?"

வீல் பாலன்சிங்குக்கு வண்டியை விட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர் கேட்டார். பெயர் மகாதேவன். ஆரணிப் பக்கம். மிலிட்டரியிலிருந்து ஓய்வு பெற்று இங்கேயே தங்கிவிட்டவர். அவருடையதும் சின்னக் கார்தான், டயரும் அதே அளவு. மூன்றாவது தினுசைப் போன வாரம்தான் மாட்டியிருந்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஓட்டுற எனக்குப் பெருசா வித்தியாசம் தெரியல" என்றார்.

வஹாப் கொஞ்சம் தயங்கினார்.

"சார், தப்பா நினைக்காதிய. உங்க வண்டியில கேட் வரைக்கும் என்னைக் கூட்டிட்டுப் போவியளா? பின் சீட்டுல. நான் படுத்துக்கிட்டு வரணும்."

மகாதேவன் புரியாமல் பார்த்தார்.

"வீட்டுல அவளுக்கு எலும்புல கேன்சர். கரண்ட் வைக்க இப்படிப் படுக்க வச்சுத்தான் கூட்டிட்டுப் போறேன். எங்க இடிக்குதுன்னு எனக்குத் தெரியணும்."

தன் கடையில் வேலை செய்கிறவர்களிடம்கூட இடுப்பு வலி என்றுதான் சொல்லி வைத்திருந்தார். வெளியாள் ஒருவரிடம் அந்த வார்த்தையைத் தன் வாயால் சொன்னது அதுதான் முதல்முறை. பாலன்சிங் முடிந்ததும் மகாதேவன் பின் சீட்டிலிருந்த காய்கறிப் பையை எடுத்து முன்னால் வைத்துவிட்டுக் கதவைத் திறந்து பிடித்தார். "ஏறுங்க பாய்."

அறுபதை நெருங்கிய மனிதர், முன்பின் தெரியாதவர் காரில் முழங்காலை மடக்கி ஒருக்களித்துப் படுத்தார். படுத்தால் சாலை தெரியாது. கம்பிகளும் குல்மொஹர்க் கிளைகளும் வானமும்தான் தெரியும். குழி எப்போது வரும் என்று முன்கூட்டித் தெரிய வழியே இல்லை. அதனால்தான் "கேட் வந்துட்டா, கேட் வந்துட்டா" என்று அவள் கேட்டுக்கொண்டே வருகிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. தண்டவாளம் வந்தது. தொம் தொம் என்று இரண்டு அமுங்கல். யாரோ உள்ளங்கையால் இடுப்பில் தட்டியது போல.

திரும்பி வந்ததும் தன் வண்டிச் சாவியை மகாதேவனிடம் நீட்டினார். "இப்ப இதுல ஒருதரம்."

தன் காரில் படுத்துக் கேட்டைக் கடந்தபோது, சுத்தியலால் அடித்தது போல ஓர் இடி இடுப்பெலும்பில் இறங்கி முதுகு வழியாக ஏறியது. நோய் ஒன்றும் இல்லாத உடம்பு அது. அதிலேயே இப்படி என்றால்! எத்தனை தடவை அவளை இதில் கொண்டுபோய்க் கொண்டுவந்திருக்கிறோம், முன்னால் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு "இந்தா முடிஞ்சிருச்சு" என்று சொல்லியிருக்கிறோம் என்று நினைத்தார். கைக்குட்டையை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டார். மகாதேவன் கண்ணாடியில் பார்த்திருக்க வேண்டும். நேரே கடைக்குத் திரும்பாமல், கண்டோன்மெண்டில் மரங்கள் அடர்ந்த நல்ல சாலையாகப் பார்த்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மெதுவாகக் கொண்டுவந்து நிறுத்தினார்.

வீட்டில் மகள் ஃபிசா வேறு முடிவோடு இருந்தாள். ஹிஞ்சேவாடியில் கம்பெனி வேலை. மடிக்கணினியைத் திறந்து எல்லா டயரையும் அலசியிருந்தாள். பூனாவிலேயே பிறந்து வளர்ந்தவளுக்குத் தமிழ் பாதி, ஹிந்தி பாதி; வருஷம் என்பது அவள் வாயில் சால்தான்.

"வாப்பா, ரெண்டாவதுதான் பெஸ்ட். பாரிஷ்ல வழுக்காது. அஞ்சு சால் ஆராம்சே ஓடும்."

"நான் மத்ததைச் சொல்லிட்டு வந்துட்டேம்மா. மெத்தென்னு இருக்கிறதை."

"அதுவா? க்யோன்? ரிவ்யூல அது ஜல்தி தேஞ்சிடும்னு போட்டிருக்கு. ரெண்டு சால்கூட வராது."

"போதும்மா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "போதும்னா? அப்பறம் உம்மாவ எதுல கூட்டிட்டுப் போவீங்க? அஞ்சு சால் ஓடறது வாங்குங்க வாப்பா." குரல் உயர்ந்தது. "எப்பவும் போல யாரோ காட்டினதை வாங்கிட்டு வராதீங்க!"

உள்ளறையில் ஜன்னத் தூங்கிக்கொண்டிருந்தாள். வஹாப் எழுந்துபோய் அந்தக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். டாக்டர் சொன்னதை ஃபிசாவிடமும் அவரே சொல்லியிருந்தார். ஆனால் கேட்டதை அவள் உள்ளே விடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஐந்து வருஷம் உழைக்கிற டயரை வாங்கிவிட்டால் ஐந்து வருஷம் உம்மா இருப்பாள் என்று பிள்ளை எங்கோ நம்பிக்கொண்டிருந்தாள். அதை எப்படி உடைப்பது? அவள் மடிக்கணினியைப் படாரென்று மூடிவிட்டு எழுந்து போனாள். அதற்கப்புறம் சில நாள் அவரோடு சரியாகப் பேசவில்லை.

மெத்தென்ற டயரே மாட்டப்பட்டது.

முதல் தடவை கூட்டிப் போன காலையில் தூறல் போட்டுக்கொண்டிருந்தது. வஹாப் கேட்டருகே வண்டியை ஊர விட்டார். பின்னால் ஆட்டோக்காரர்கள் ஹாரனை அடித்துத் தள்ளினார்கள். முன் சக்கரம் ஏறி இறங்கியது. பின் சக்கரம் ஏறி இறங்கியது. அவர் காதைப் பின்னால் வைத்துக்கொண்டு காத்திருந்தார். சத்தமே இல்லை. வண்டி தெருமுனை தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து கேட்டாள்:

"கேட் வந்துட்டா மச்சான்?"

வஹாப் வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"தாண்டியாச்சு புள்ள."

"தாண்டியாச்சா? எப்ப?" புது டயர் போட்டிருப்பது அவளுக்குத் தெரியும். "டயர் யாரு பாத்தது? ஃபிசாவா?"

"நான்தான்."

"நீங்களா!" என்று சிரித்தாள். சிரித்தால் இடுப்பில் வலிக்கும் என்று சிரிப்பதையே விட்டிருந்தவள். சிரித்து, வலித்து, "யா அல்லாஹ்" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள்.

எல்லாக் குழியும் அப்படிப் போகவில்லை. மழை பிடித்த பிறகு சாலை பெயர்ந்து, எந்த டயராலும் ஒன்றும் செய்ய முடியாத பள்ளங்கள் வந்தன. சில நாள் அவள் வலியை மறைத்துக்கொண்டு "நல்லாத்தான் இருக்கு" என்றாள். அது அவருக்குத் தெரியும். தெரியாதவர் போலவே ஓட்டினார். ஜூலைக் கடைசியில் இனிமேல் வர வேண்டாம், வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அடுத்த வாரம் ஒரு மத்தியானம், லுஹருக்கு பாங்கு சொல்லி முடித்த கொஞ்ச நேரத்தில், ஃபிசாவின் கையைப் பிடித்தபடி ஜன்னத் மௌத்தானாள். வஹாப் பக்கத்தில்தான் இருந்தார். உதட்டில் தண்ணீர் தொட்டு வைக்கப் பஞ்சை நனைத்துக்கொண்டு திரும்பினார், அதற்குள் முடிந்துவிட்டது.

நாற்பதாம் நாள் கழிந்த பிறகு ஃபிசா வேலைக்குப் போகத் தொடங்கினாள். கம்பெனி கேப் வேண்டாம், நானே கொண்டுபோய் விடுகிறேன் என்றார் வஹாப். காலை நேரத்தில் வீட்டில் இருக்க அவரால் முடியவில்லை. கடையையும் பதினோரு மணிக்கு மேல்தான் திறந்தார். பாணேரைத் தாண்டினால் ஹிஞ்சேவாடிவரை வண்டிகள் நகராமல் நிற்கும். இரண்டு பேரும் அதிகம் பேச மாட்டார்கள். பேட்டரியில் நிற்கும் வண்டி மூச்சுக்கூட விடாது.

ஒருநாள் அப்படி நின்றுகொண்டிருந்தபோது ஃபிசா கேட்டாள்.

"வாப்பா, இந்த டயர்தான் வேணும்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

மகாதேவனின் காரில் படுத்துப் போனதைச் சொன்னார். தன் காரில் படுத்துப் பார்த்ததையும் சொன்னார். கைக்குட்டையை மட்டும் சொல்லவில்லை. முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. தெரியாதவர் காரில் வாப்பா முழங்காலை மடக்கிக்கொண்டு படுத்திருப்பதை நினைத்துப் பார்த்திருப்பாள். சிரிப்பு பாதியிலேயே உடைந்தது. துப்பட்டாவை வாயில் அழுத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"நான் அஞ்சு சால் டயர் கேட்டேன்ல..."

"தெரியும்மா."

"உங்கமேல கோவப்பட்டேன்."

"அதும் தெரியும்."

முன்னாலிருந்த வண்டி நகர்ந்தது. இவர்கள் நகரவில்லை. பின்னால் ஹாரன் சத்தம் கிளம்பியது. வஹாப் இடது கையை நீட்டி மகளின் தலையில் வைத்தார். சிறு பிள்ளையாக இருந்தபோது வைத்தது. பிறகு அந்த வேலையையும் ஜன்னத்திடமே விட்டுவிட்டிருந்தார். ஃபிசா விலகவில்லை. ஹாரன் அடித்தவர்கள் ஒவ்வொருவராக ஒதுங்கி, கண்ணாடி வழியே முறைத்துப் பார்த்துக்கொண்டே முந்திப் போனார்கள்.