மேட்டில் நட்ட ரோஜா

நேற்று மலைமேல் செம்மேடு பஸ் ஸ்டாண்டு ஓரமாக ஒரு டெம்போ நின்றது. யாரோ ஊரைக் காலி செய்துகொண்டு போகிறார்கள். கட்டில், பீரோ, கேஸ் அடுப்பு. எல்லாவற்றுக்கும் மேலே வேரோடு பெயர்த்த ஒரு செடி, சாக்கில் கட்டி. பன்னீர் ரோஜா. இலையைப் பார்த்தாலே எனக்குத் தெரியும்.

"கீழ போயி வாங்கிக்கலாம் புள்ள. அங்க செடிக்கா பஞ்சம்?" என்றான் புருஷன்காரன். அவள் சாக்கை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

கீழே போனால் குழி எடுத்து நடு கண்ணு என்று சொல்ல நினைத்தேன். வண்டி கிளம்பிவிட்டது. எனக்கு வாய் எப்போதும் வண்டி போன பிறகுதான் திறக்கும்.

அந்தக் காலத்தில் நானும் என் வீட்டுக்காரியும் மலையை விட்டு இறங்கினபோது எங்களிடம் இருந்தது ஒரு தகரப்பெட்டியும் ஒரு பாத்திர மூட்டையும்தான். நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணையில் வேலை, தங்க ஓர் அறை. அவளுக்கு இறங்க இஷ்டமில்லை. வாசல் ரோஜாவைப் பெயர்த்து எடுத்துக்கொண்டாள். செடியைப் பெயர்க்கிறதுக்கு முதல் நாள் சாயங்காலம் தண்ணீர் ஊற்றி, அதனிடம் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் எடுத்தால் பிடிக்காது என்பார்கள். அவளும் சொன்னாள். ரொம்ப நேரம் சொன்னாள். என்ன சொன்னாய் என்று நான் கேட்கவில்லை.

பஸ்ஸில் கண்டக்டர் செடியைப் பார்த்தார்.

"ஏம்மா, இதுக்கு அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா?"

"மடியிலதானுங்க வருது. கைக்கொழந்தைக்கெல்லாம் டிக்கெட்டுங்களா?"

வளைவுகளில் பஸ்ஸில் பாதிப்பேர் வாந்தி எடுத்தார்கள். நானும்தான். அவள் எடுக்கவில்லை. இரண்டு கையும் வேர்மண்ணைப் பிடித்திருந்தது.

பண்ணையில் எரு நாற்றம். சோற்றிலும் அதுதான், தலையணையிலும் அதுதான். போன அன்றே அறைக்கு முன்னால் செடியை நட்டோம். மலையில் மழை பிடித்தால் விடாது. பள்ளத்தில் நட்டால் வேர் அழுகும். அதனால் மண்ணைக் குவித்து மேடு கட்டி, அதன் மேல்தான் நடுவோம். கீழேயும் அப்படியே நட்டோம். எங்களுக்கு வேறு தெரியாது.

பக்கத்து அறை சரசு முட்டை பொறுக்கப் போகிறவள், நின்று பார்த்தாள்.

"ஏனுங்க்கா, செடி நட்டீங்களா, செடிக்குச் சமாதி கட்டுனீங்களா?"

"எங்கூர்ல இப்படித்தான்." வீட்டுக்காரி மூஞ்சியைத் திருப்பிக்கொண்டாள்.

ஊற்றின தண்ணீர் மேட்டில் நிற்காமல் வழிந்தது. வெயில் மிச்சத்தைக் குடித்தது. இலை எல்லாம் கொட்டிப்போய்க் குச்சிதான் நின்றது. அவள் துவைத்த சேலையைக் கொடியில் போட்டு வைக்க மாட்டாள். காய்ந்ததும் மடித்துப் பெட்டிக்குள்ளேயே வைப்பாள்.

"இது புடிச்சா இருக்கறனுங்க. இல்லீன்னா நான் மேல போறேன். நீங்க கோழியோட இருங்க."

விளையாட்டுக்குச் சொல்கிறவள் இல்லை.

நான் சரசுவிடம் போய்க் கேட்டேன். சிரித்துக்கொண்டே மண்வெட்டியோடு வந்தாள். மேட்டை வெட்டிச் சரித்தாள். குழி எடுத்து, செடியை இறக்கி, சுற்றிலும் கரை கட்டினாள்.

"இங்க தண்ணியப் புடிச்சு நிறுத்தோணுங்ணா. உங்கூரு மாதிரி தொரத்தி உடக்கூடாது."

வீட்டுக்காரி கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். வெளியே வரவில்லை. அப்புறம் தினமும் கோழிக்கு முன்னால் செடிக்குத்தான் நான் தண்ணீர் வைத்தேன்.

ஒருநாள் விடிகாலை வாசலில் இருந்து அவள் குரல் கேட்டது. "துளிருங்க." அவ்வளவுதான். உள்ளே வந்து பெட்டியைத் திறந்து, சேலைகளை எடுத்துக் கொடியில் போட்டாள்.

அப்புறம் பண்ணை பண்ணையாக மாறினோம். ரோஜாவும் வந்தது. ஒவ்வோர் இடத்திலும் கிளம்பும்போது அக்கம்பக்கத்தார் குச்சி கேட்பார்கள், ஒடித்துக் கொடுப்பாள். எங்கே இருந்தாலும் எங்கள் வாசல் மட்டும் எரு வாசம் அடிக்காது.

போன வருஷம் அவள் போய்விட்டாள். காய்ச்சல் என்றுதான் படுத்தாள். வயசாளி வேண்டாம் என்று பண்ணையிலும் சொல்லிவிட்டார்கள். கிளம்புகிறதுக்கு முதல் நாள் சாயங்காலம் நான்தான் செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். அவள் மாதிரிப் பேச வரவில்லை. "கெளம்பலாம்" என்றேன்.

திரும்ப மலைக்கே வந்தேன். வாழவந்தி நாட்டில் தம்பியின் காட்டு ஓரத்தில் ஒற்றை அறை. பக்கத்து வீடுகள் எல்லாம் பூட்டு. எல்லோரும் திருப்பூரில் வேலைக்கு. மேடு கட்டி நட்டேன். வந்த வேகத்தில் இலை கொட்டிவிட்டது. இது போனால் அவள் கை பட்டது வேறு ஒன்றும் என்னிடம் இல்லை. குச்சியைக் கீறிப் பச்சை இருக்கிறதா என்று பார்ப்பேன். கீறினால் நோகுமோ என்று விட்டுவிடுவேன்.

மழை விட்ட ஒரு காலையில், அடிக்கணுவில் சிவப்பாக ஒன்று, நெல் அளவுக்கு. குனிந்து பார்த்தேன். துளிர்தான்.

அவளிடம் சொல்லலாம் என்று உள்ளே போனேன். அடுப்படி வரைக்கும் போய்விட்டேன்.